தந்தையும் மகனும் மருமகனும்: பினாங்கு லைட் குடும்ப வரலாறு

பினாங்குத் தீவின் வரலாற்றை நம் பிள்ளைகளிடம் கேட்டால், பீரங்கிக் கதையிலிருந்தே தொடங்குவர். காடு வெட்ட வந்தவர்கள் களைத்து நின்றபோது, பிரான்சிஸ் லைட் பீரங்கிக்குள் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுடச் செய்தார் என்றும், காசு பொறுக்கும் ஆசையால் ஆட்கள் மரங்களை வெட்டி வீழ்த்தினர் என்றும் சொல்வர். சுவையான கதைதான். ஆயினும் அக்கதையில் வரும் லைட் தனி மனிதர். தாய், மனைவி, மக்கள், மருமகன் என எவரும் அவருக்கு இருந்ததாகக் கதை சொல்வதில்லை. கடலிலிருந்து எழுந்து வந்தவர் போலக் கரையேறிக் கோட்டை கட்டிச் சிலையாகி நின்றுவிடுகிறார்.

ஒருவரை அவர்தம் குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான், அவர் எவருடைய துணையால் உயர்ந்தார், அவர் செயலின் விளைவு எங்கெங்கே சென்று படிந்தது என்பன விளங்கும். லைட் குடும்பத்தை அவ்வாறு பார்க்கப் புகுந்தால், வழி ஒருபுறம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்கும் மறுபுறம் பாண்டி நாட்டுச் சிவகங்கைச் சீமைக்கும் செல்கிறது. முதல் வழியைப் பற்றி ஆங்கில நூல்கள் விரிவாகவே பேசியுள்ளன. இரண்டாவது வழியை நடந்து பார்க்க வேண்டியவர்கள் பினாங்குத் தமிழராகிய நாம்.

பிரான்சிஸ் லைட் இங்கிலாந்தின் சபக் வட்டாரத்தைச் சேர்ந்தவர். டாலிங்கூ என்னும் சிற்றூரில் 1740-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு நடந்தது. தாயின் பெயர் மேரி லைட். வில்லியம் நீகஸ் என்னும் நிலக்கிழாருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை என்று பிற்காலத்தார் கருதுவர். ஆக, அவர் தாங்கிய 'லைட்' என்னும் பெயர் தாய்வழிப் பெயர். உட்பிரிட்ஜ் இலக்கணப் பள்ளியில் பயின்று, கடற்படையில் சில ஆண்டுகள் பணியாற்றி, 1765-இல் கிழக்கு நோக்கிக் கப்பலேறினார். குலப்பெருமையும் கைப்பொருளும் இல்லாத ஆங்கிலேய இளைஞர்க்கு அந்நாளில் திறந்திருந்த வாயில் இந்தியா ஒன்றே.

சென்னையில் ஜோர்டெய்ன், சலிவன், டிசூசா என்னும் வணிக நிறுவனத்தில் சேர்ந்து, கப்பல் தலைவராகக் கெடாவுக்கும் அச்சேவுக்கும் தாய்லாந்தின் தாலாங் தீவுக்கும் சென்று வந்தார். இன்று புக்கெட் என்று சுற்றுலாப் பயணியர் அறியும் தீவே அத்தாலாங். மலாய் மொழியையும் சயாம் மொழியையும் நன்கு கற்றார். 1785-இல் பர்மியர் படையெடுத்து வருகின்றனர் என்று தாலாங் மக்களுக்கு முன்னெச்சரிக்கை தந்தவரும் அவரே. அவ்வெச்சரிக்கையைக் கொண்டு தீவைக் காத்த சகோதரியர் இருவரை இன்றும் புக்கெட் மக்கள் வீராங்கனைகளாகப் போற்றுகின்றனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இக்கடற்பரப்பில் உழன்றதனால்தான் பினாங்கின் பயனை லைட்டால் உணர முடிந்தது. ஒரே நாளில் தோன்றிய எண்ணமன்று அது. 1771-ஆம் ஆண்டிலேயே கெடா சுல்தானுடன் உறவு பூணுமாறு சென்னைக்கு எழுதியிருக்கிறார். கும்பெனி அப்போது செவிசாய்க்கவில்லை.

இவ்வாழ்க்கையின் நடுவே வந்து சேர்ந்தவர் மார்த்தினா ரோசெல்ஸ். 1772 முதல் இருவரும் இணைந்து வாழ்ந்தனர். அம்மையார் கத்தோலிக்க சமயத்தவர். போர்த்துக்கீசியக் கலப்புடையவர் என்பது பெரும்பான்மையோர் கருத்து. சயாமியர் என்பாரும் உளர். மலாய்க்காரர் என்பாரும் உளர். அவர் கெடா இளவரசி என்றும், சுல்தான் சீதனமாகக் கொடுத்ததே பினாங்குத் தீவு என்றும் ஒரு கதை நெடுங்காலம் வழங்கி வந்தது. அது வெறுங்கதை. சீதனமாகப் பெற்ற நிலத்துக்கு ஆண்டுதோறும் வாடகை செலுத்துவார் உண்டோ? மருமகனாய் வந்தவரோடு மாமனார் போர் தொடுப்பதும் அரிது. பினாங்கின் செய்தியில் இரண்டும் நிகழ்ந்தன.

இளவரசியாக இல்லாமற்போனதால் மார்த்தினாவின் சிறப்புக் குறைந்துவிடாது. அக்காலத்தில் இக்கரைகளில் வாணிகம் செய்த ஐரோப்பியர்க்கு இப்பக்கத்துப் பெண்களே மொழியாயும் உறவாயும் ஊராயும் அமைந்தனர். எந்தத் துறைமுகத்தில் எவரை நம்பலாம், எந்த அரண்மனையில் எப்படிப் பேசலாம் என்னும் அறிவு ஏட்டில் கிடைப்பதன்று. வீட்டின் வழியே வருவது. எனினும் அவர்கள் மணத்தைக் கும்பெனி உலகம் மணமாக ஏற்கவில்லை. சாரா, வில்லியம், மேரி, ஆன், பிரான்சிஸ் லனூன் என்னும் மக்கள் ஐவரும் அந்நிலையிலேயே வளர்ந்தனர். கடைசி மகனின் இடைப்பெயர் அந்நாளில் இக்கடலை நடுங்க வைத்த லனூன் கடற்கொள்ளையரை நினைவூட்டுவது.

வில்லியம் 1786-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் கோலக் கெடாவில் பிறந்தார். நம் முன்னோர் கடாரம் என்று கல்வெட்டில் பொறித்த நாட்டின் ஆற்று முகத்துவாரம் அது. குழந்தைக்கு மூன்று மாதம் நிறையுமுன்னரே, ஜூலை 17-ஆம் நாள், எலைசா, பிரின்ஸ் ஹென்றி, ஸ்பீட்வெல் என்னும் மூன்று கப்பல்களுடன் தந்தை பினாங்குக் கரையில் இறங்கினார். அவரோடு இறங்கியவருள் இந்தியச் சிப்பாய்களும் கப்பல் கலாசிகளும் இருந்தனர். ஆகஸ்டு 11-ஆம் நாள் கொடியேற்றப்பட்டது. மறுநாள் வேல்ஸ் இளவரசர் பிறந்த நாளாகையால் தீவுக்கு அவர் பெயரையும், நகருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரையும் சூட்டினர்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுல்தான் அப்துல்லா தீவைத் தர இசைந்தது, சயாமியர் படையெடுத்தால் ஆங்கிலேயர் துணை நிற்பர் என்னும் நம்பிக்கையினால். கும்பெனி அவ்வுறுதியை அளிக்கவேயில்லை. லைட் இதனை அறிந்தும் கொடியை ஏற்றினார். சுல்தானுக்கு உதவ வேண்டும் என்று கல்கத்தாவுக்குப் பலமுறை எழுதினார் என்பது அவர் பக்கம் நின்று சொல்லத்தக்கது. ஆனால் எழுதிய மடல்களால் கெடாவுக்கு ஒரு பயனும் விளையவில்லை. ஏமாற்றமுற்ற சுல்தான் 1790-இன் இறுதியில் பிறைக் கரையில் படை திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு தாக்கி அப்படையைச் சிதறடித்தார். அதன்பின் எழுதப்பட்ட உடன்படிக்கையில் ஆண்டுக்கு 6,000 இசுப்பானிய வெள்ளி என்பது மட்டும் எஞ்சியது. 1821-இல் சயாமியர் கெடாவுக்குள் புகுந்தபோது ஆங்கிலேயர் துணைக்கு வரவில்லை.

தீவிலோ மக்கள் பெருகினர். வெட்டித் திருத்தியவர்க்கே நிலம் என்றும், வரியில்லாத் துறைமுகம் என்றும் லைட் வகுத்த ஏற்பாடு நாற்றிசையிலிருந்தும் மக்களை ஈர்த்தது. 1794-இல் அவர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் நம்மவரைப் பற்றிய கணக்கு உள்ளது. சூலியர் என்று அவர் குறிக்கும் சோழமண்டலக் கரை மக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் கடைக்காரராகவும் கூலிகளாகவும் இங்கு இருந்தனர் என்றும், ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து உழைத்துச் சிறிது பொருள் சேர்த்துத் திரும்பினர் என்றும், அவர்கள் சென்ற இடத்தை வேறு சிலர் வந்து நிரப்பினர் என்றும் எழுதுகிறார். மலாயாத் தமிழர் வரலாறு ரப்பர்த் தோட்டத்தில் தொடங்கியது என்று இன்னும் மேடைகளில் பேசுவோர் உளர். ரப்பர் மரம் இந்நாட்டில் வேர்விடுவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே எழுதப்பட்ட கணக்கு இது.

1794 அக்டோபர் 21-ஆம் நாள் லைட் மலேரியாக் காய்ச்சலால் மாண்டார். சுல்தான் அகமது ஷா சாலையிலுள்ள பழைய புரோட்டஸ்டண்டுக் கல்லறைத் தோட்டத்தில், ஈழத்தலரி மரங்களின் நிழலில் அவர் சமாதி இன்றும் காணக் கிடைக்கிறது. அவர் எழுதிய விருப்ப ஆவணம் குடும்ப வரலாற்றுக்கு விலைமதிப்பற்ற சான்று. 1772 முதல் தம்மோடு இணைந்து வாழ்ந்தவர் என்றே மார்த்தினாவை அதில் குறிக்கிறார். 'மனைவி' என்னும் சொல் வரவில்லை. ஆனாலும் சபக் என்று தம் பிறப்பிடத்தின் பெயரைச் சூட்டியிருந்த தோட்டத்தையும் வீட்டையும் பிற உடைமைகளையும் அவர்க்கு விட்டுச்செல்கிறார். அவ்வுடைமைகளின் பட்டியலில் மாடுகளோடு அடிமைகளும் இடம்பெறுகின்றனர். நிறைவேற்றுநர் இருவர், ஒருவர் லைட்டின் கூட்டாளியாகிய ஜேம்ஸ் ஸ்காட். அச்சொத்து மார்த்தினாவிடமும் அவர் மக்களிடமும் நிலைக்கவில்லை. சபக் தோட்டம் கைம்மாறிற்று. இப்போது ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் புதுப்பிக்கப்பட்டு நிற்கும் சபக் மாளிகை, லைட் வாழ்ந்த மரவீட்டின் இடத்தில் பின்னர் வேறொருவர் எழுப்பியது. மார்த்தினா டிம்மர் என்னும் வணிகரை மறுமணம் புரிந்தார்.

தந்தை இறந்தபோது வில்லியம் பினாங்கில் இல்லை. ஆறு வயதிலேயே, 1792-இல், இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். சபக் வட்டாரத்துத் தீபர்ட்டன் ஊரில் தந்தையின் நண்பர் குடும்பத்தார் அவரை வளர்த்தனர். ஆறு வயதில் தாயைப் பிரிந்து, எட்டு வயதில் தந்தையை இழந்து, அன்னியர் வீட்டில் வளர்ந்த பிள்ளை. அக்காலத்துக் கலப்பினப் பிள்ளைகள் பலர்க்கு நேர்ந்தது இதுவே. ஆண்மக்களைச் சீமைக்கு அனுப்பி ஆங்கிலேயராக்குவர். தாய் இக்கரையில் இருந்துவிடுவாள்.

பதின்மூன்றாம் வயதில் வில்லியம் கடற்படையில் சேர்ந்தார். பின்னர் அதனை விட்டு, 1805-இல் தங்கை மேரியின் திருமணத்துக்காகக் கல்கத்தா சென்று, அடுத்த ஆண்டின் இறுதி வரை இந்தியாவில் தங்கினார். 1808-இல் குதிரைப்படையில் அதிகாரியானார். இசுப்பெயினில் நெப்போலியன் படைகளை எதிர்த்து நடந்த நீண்ட போரில் வெலிங்டன் கோமகனின் அலுவலர் குழுவில் இடம்பெற்று, எதிரி நிலைகளை உளவறிதல், நிலப்படம் வரைதல் ஆகிய பணிகளைச் செய்தார். மொழித்திறமும் ஓவியத்திறமும் அவர்க்கு அங்கே கைகொடுத்தன. நாற்பதுக்கு மேற்பட்ட மோதல்களில் கலந்துகொண்டும் காயமின்றித் தப்பினார் என்பர். 1821-இல் படையிலிருந்து விலகினார். ஆயினும் ஓய்ந்திருக்கவில்லை. 1823-இல் இசுப்பெயினின் விடுதலை விரும்பிகளுக்குத் துணையாகச் சென்று, இம்முறை காயமுற்றார். சிசிலித் தீவின் காட்சிகளையும் பொம்பேயின் இடிபாடுகளையும் வரைந்து நூல்களாக வெளியிட்டார். எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி பாஷாவுக்காகக் கப்பற்பணியும் ஆற்றினார். இரண்டு முறை மணம் புரிந்தார். முதல் மனைவி விரைவில் இறந்தார். இரண்டாம் மனைவி 1832-இல் பிரிந்து சென்றார்.

ஐம்பது வயதில், நோயுற்ற உடலோடு, அவர் வாழ்வின் பெரும்பணி வந்தது. தென் ஆஸ்திரேலியா என்னும் புதிய குடியேற்றத்துக்குத் தலைமை நில அளவையாளராக நியமிக்கப்பெற்று, 1836 மே மாதம் ரேபிட் என்னும் கப்பலில் புறப்பட்டார். தலைநகருக்கு உரிய இடத்தை அவரே தேர்ந்தெடுத்தார். கடற்கரையை ஒட்டி நகர் அமைய வேண்டும் என்று ஆளுநர் ஹைண்ட்மார்ஷ் விரும்ப, நன்னீர் ஓடும் ஆற்றருகே உள்நாட்டில் அமைய வேண்டும் என்று லைட் உறுதியாக நின்றார். 1837 ஜனவரி 11-ஆம் நாள் அளவைப் பணி தொடங்கி மார்ச் 10-ஆம் நாள் முடிந்தது. இரண்டே மாதத்தில் 1,042 ஏக்கர் நகர நிலத்தை அளந்து, அகன்ற வீதிகளும் சதுக்கங்களும் அமைத்து, நகரைச் சுற்றி மாலை போலப் பூங்காநிலத்தை வளைத்தார். அப்பசும் வளையம் பெரும்பாலும் இன்றும் எஞ்சியிருக்கிறது. நம் ஜார்ஜ்டவுனில் கடற்கரையை ஒட்டித் தந்தை போட்ட நேர்வீதிகளைப் பார்த்துவிட்டு அடிலெய்டின் படத்தைப் பார்ப்போர்க்கு மகன் வரைந்த கோடுகள் முற்றிலும் அன்னியமாகத் தோன்றா. இது என் கண்ணுக்குத் தெரிவது; சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்நிலம் கௌர்ணா பழங்குடியினர்க்கு உரியது. கெடா சுல்தானுக்காவது ஆண்டு வாடகை என்று ஒன்று கிடைத்தது. கௌர்ணா மக்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

லைட்டுக்கும் அங்கே அமைதி வாய்க்கவில்லை. ஆட்களும் கருவிகளும் போதாத நிலையில், நாட்டுப்புற நிலங்களை விரைவாகவும் அரைகுறையாகவும் அளந்து தள்ளும்படி மேலிடம் கட்டளையிட்டது. அதற்கு இசையாமல் 1838-இல் பதவி விலகினார். அவரோடு அவர் கீழ்ப் பணியாற்றியவருள் மிகப் பெரும்பாலோரும் விலகினர். 1839 ஜனவரியில் அவர் குடிசை தீப்பற்றி, பல்லாண்டு நாட்குறிப்புகளும் ஓவியங்களும் எரிந்துபோயின. அவ்வாண்டு அக்டோபர் 6-ஆம் நாள் காசநோயால் காலமானார். சிறுவயதில் தம்மை வளர்த்த ஊரின் பெயரையே தம் கடைசி வீட்டுக்குச் சூட்டியிருந்தார். அப்பெயர் சிறிது திரிந்து இன்று அடிலெய்டின் புறநகர் ஒன்றுக்கு வழங்குகிறது.

கடைசி ஆண்டுகளில் அவரோடு இருந்து பேணியவர் மரியா காண்டி என்னும் எளிய குடும்பத்துப் பெண். மணம் செய்துகொள்ள வழியில்லை. பிரிந்து சென்ற மனைவி உயிரோடிருந்தார். ஊரார் இவ்விருவரையும் ஒதுக்கினர். தம் உடைமை அனைத்தையும் மரியாவுக்கே எழுதிவைத்தார் வில்லியம். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தை இது நினைவூட்டவில்லையா? மணமென்று உலகம் ஒப்பாத உறவுக்குத் தந்தையும் மகனும் தத்தம் இறுதி எழுத்தில் மதிப்புச் செய்தனர். இக்குடும்பத்தில் நான் மனமாரப் பாராட்டும் செயல் இதுவே.

இனி மூத்த மகள் சாராவிடம் வருவோம். 1779-இல் பிறந்த சாராவை மணந்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படைவீரர். இவர் 1775-இல் பிறந்து, பதினைந்தாம் வயதில் கும்பெனியின் சென்னைப் படையில் இடம் பெற்று, நாற்பதாண்டுக்கு மேல் தென்னாட்டில் பணியாற்றியவர். தம் நாட்குறிப்புகளைத் தொகுத்து 1830-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 'இராணுவ நினைவுகள்' என்று தமிழ்நாட்டு ஆய்வாளர் எடுத்தாளும் நூல் அதுவே. பாளையக்காரர் போரைப் பற்றி எழுதும் எவரும் அந்நூலைத் தொடாமல் எழுத இயலாது. பிரான்சிஸ் லைட்டின் மருமகனும், மருது சகோதரர்மேல் படை சென்ற அந்த வெல்ஷும் ஒருவரே என்பதை நம்மில் பலர் பொருத்திப் பார்ப்பதில்லை.

வெல்ஷ் சின்ன மருதுவுக்கு அன்னியர் அல்லர். 1795-இல் மதுரைப் பகுதியில் இளம் அதிகாரியாக இருந்தபோது அவரோடு நட்புப் பூண்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதல் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்று நன்றியோடு எழுதுகிறார். காவலர் இன்றித் திறந்த மாளிகையில் எவரும் எளிதில் வந்து காணும்படி அவர் வாழ்ந்ததையும், தமக்கு நல்லரிசியும் பழங்களும் அனுப்பியதையும் குறித்துவைத்திருக்கிறார். வளரி என்னும் கருவியைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய நேர்ச்சான்றுகளுள் இது தலையாயது.

ஆறாண்டுகள் சென்றன. 1801-இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுந்தது. மே 24-ஆம் நாள் அது வீழ்ந்ததும் ஊமைத்துரை சிவகங்கைச் சீமையில் தஞ்சம் புகுந்தார். மருது சகோதரர் தஞ்சம் தந்தனர். ஜூன் மாதம் திருச்சியிலும் சீரங்கத்திலும் ஒட்டப்பட்ட அறிக்கை, சாதி சமய வேறுபாடின்றி அனைவரும் ஆங்கிலேயரை எதிர்க்க எழுமாறு அழைத்தது. காளையார்கோயில் காடுகளை வெட்டி வழிசெய்துகொண்டு கும்பெனிப் படை முன்னேறிற்று. அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. காயமுற்றுப் பிடிபட்ட சின்ன மருதுவும் தமையனார் பெரிய மருதுவும் அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். வளரி கற்றுக்கொடுத்தவரை வேட்டை விலங்கு போலத் துரத்திய படையில் வளரி கற்றுக்கொண்டவரும் இருந்தார். இதனை வெல்ஷ் தம் நூலில் வருத்தத்தோடுதான் எழுதுகிறார். ஆனால் வருத்தம் அவர் கடமையை ஒரு நாளும் தடுக்கவில்லை. 1803-இல் ஆர்தர் வெல்லெஸ்லியின் தலைமையில் நடந்த மராத்தியப் போரிலும், 1809-இல் வேலுத்தம்பியின் படைக்கு எதிராக ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றிய தாக்குதலிலும் அவரைக் காண்கிறோம். அந்த வெல்லெஸ்லியே பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆனவர். மைத்துனர் இருவரும் ஒரே தலைவரின் கீழ், ஒருவர் தக்காணத்திலும் மற்றவர் இசுப்பெயினிலும் போரிட்டிருக்கின்றனர்.

தூக்குக்குத் தப்பியவர்க்கு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கு மேற்பட்டோர் தூத்துக்குடியில் அட்மிரல் நெல்சன் என்னும் கப்பலில் ஏற்றப்பட்டனர். சென்று சேர வேண்டிய இடம் வேல்ஸ் இளவரசர் தீவு, அதாவது நம் பினாங்கு. சிவகங்கையின் அரசராக இருந்த வேங்கை பெரிய உடையாத் தேவர் அவர்களுள் ஒருவர். அவர் சுமத்திராவின் பென்கூலனில் அவ்வாண்டே காலமானார். சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமி மற்றொருவர். வயது பதினைந்து. கப்பலேறு முன்னர்க் கைதிகள் தூத்துக்குடியில் வெல்ஷின் காவலில் இருந்தனர். பழைய நட்பை எண்ணித் துரைச்சாமியின் விலங்குச் சுமையை அவர் தளர்த்தினார். அதற்குமேல் அவரால் செய்யக்கூடியது இருந்ததா என்பதை வாசகர் சிந்தனைக்கு விடுகிறேன்.

துரைச்சாமி கப்பலேறிய அந்நாளில் பினாங்கு எப்படி இருந்தது? பிரான்சிஸ் லைட் மறைந்து எட்டாண்டு நிறையவில்லை. கப்பித்தான் காதர் முகைதீன் பள்ளிவாசலுக்கு 1801-இல்தான் நிலம் பெற்றிருந்தார். குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் இன்றைய நிலையில் எழுவதற்கு இன்னும் முப்பதாண்டு இருந்தது. அந்தமான் குடியேற்றத்தைக் கும்பெனி 1796-இல் கைவிட்டபோது அங்கிருந்த கைதிகளையும் இங்கேதான் கொண்டுவந்து சேர்த்திருந்தது. சாலை போடுவோர், சேறு அள்ளுவோர், செங்கல் சுடுவோர் எனக் கைதிகளின் உழைப்பு இந்நகரின் அடித்தளத்தில் கலந்தது.

இங்கே ஆண்டுகளைச் சிறிது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1801-இல் துரைச்சாமிக்கு வயது பதினைந்து. அவ்வாண்டு வில்லியம் லைட்டுக்கும் வயது பதினைந்து. கெடாவில் பிறந்து பினாங்கில் தவழ்ந்த பிள்ளை ஆங்கிலக் கடற்படையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தான். சிவகங்கையில் பிறந்த பிள்ளை அந்தப் பினாங்குக்கு விலங்கோடு செல்லக் காத்திருந்தான். ஒருவனுடைய அக்காளின் கணவர் மற்றவனுக்குக் காவலர்.

1818-இல் வெல்ஷ் பினாங்குக்கு வந்தார். மாமனார் அமைத்த நகரம். மனைவியின் குடும்பம் வாழ்ந்த தீவு. அங்கே உடல் தளர்ந்து ஒடுங்கிய கிழவர் ஒருவர் அவரை அணுகினார். எங்கோ பார்த்த முகமாகத் தோன்றவே, பெயர் என்ன என்று வெல்ஷ் கேட்டார். துரைச்சாமி என்று விடை வந்தது. அச்சொல் தம் நெஞ்சைக் குத்திற்று என்னும் கருத்துப்பட எழுதுகிறார். 1801-இல் பதினைந்து வயது என்றால் 1818-இல் முப்பத்திரண்டு வயது. கிழவராகத் தோன்றியவர்க்கு முப்பத்திரண்டு வயதுதான். அதே ஆண்டில் அதே வயதினராகிய வில்லியம் லைட் ஆங்கிலப் படையின் அதிகாரி. அவர் வாழ்வின் பெரும்பணிக்கு இன்னும் பதினெட்டாண்டு இருந்தது.

பள்ளியில் நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடம் தொடங்கும்போது குடும்ப மரம் வரைந்து வருமாறு பிள்ளைகளிடம் சொல்வது வழக்கம். பெரும்பாலான மரங்கள் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிடுகின்றன. அவர் பெயருக்கு மேலே "இந்தியாவிலிருந்து வந்தார்" என்று ஒரு வரி. ஊர்ப் பெயர்கூடச் சிலவற்றில் இராது. கொள்ளுப்பாட்டியின் பெயர் இருப்பது அதனினும் அரிது. லைட் குடும்பத்தின் மரமோ கிளை கிளையாக விரிந்து அச்சில் கிடைக்கிறது. அவர்கள் நம்மைவிடப் பாசம் மிக்கவர்கள் என்பதால் அன்று. விருப்ப ஆவணம் எழுதவும், வழக்குத் தொடுக்கவும், நாட்குறிப்பு வைக்கவும், அவற்றை இலண்டனில் அச்சிடவும் அவர்களுக்கு வாய்த்தது. துரைச்சாமி பினாங்கில் நின்ற நிலையைக்கூட லைட்டின் மருமகன் எழுதியதனால்தான் நாம் அறிகிறோம். நம்மவர் ஒருவரின் வரலாறு அவரைக் காவல் காத்தவரின் ஏட்டில் இருக்கிறது. அதனால் அந்த ஏட்டை வெறுப்பதா, போற்றுவதா என்று கேட்பார்க்கு என் விடை, முதலில் படிக்க வேண்டும் என்பதே. லைட் குடும்பத்தின் கதையை வெள்ளையர் கதை என்று நாம் ஒதுக்கினால், அதனுள் சிக்கிக் கிடக்கும் நம் பக்கங்களும் சேர்ந்து ஒதுங்கிவிடும்.

அடிலெய்டு மக்கள் தம் நகரை அமைத்தவரை மறக்கவில்லை. வில்லியம் லைட்டின் உடல் அவர் பெயரிலுள்ள சதுக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1859 முதல் ஆண்டுதோறும் நகர மன்றத்தார் அவர் நினைவாக மதுக் கோப்பை உயர்த்தி வணக்கம் செலுத்தும் வழக்கம் இருந்துவருகிறது. 1906-இல் நாட்டப்பட்ட அவர் சிலை 1938-இல் மாண்டிபியோர் குன்றுக்கு மாற்றப்பட்டு, அவர் வரைந்த நகரை நோக்கிக் கை நீட்டி நிற்கிறது. 1973-இல் ஜார்ஜ்டவுனும் அடிலெய்டும் உடன்பிறப்பு நகரங்கள் ஆயின. கெடாவில் பிறந்த பிள்ளையின் பெயரால் அமைந்த உறவு அது.

பினாங்குச் சிலையின் செய்தி வேறு. குடியேற்றத்தின் 150-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1936-இல் பிரான்சிஸ் லைட்டுக்குச் சிலை வடிக்க முடிவு செய்தபோது, அவர் உருவப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சிற்பி வில்காக்சன் மகன் வில்லியத்தின் சாயலைக் கொண்டு தந்தையை வடித்தார். ஆகவே கோட்டையில் நாம் காணும் முகம், சபக் வட்டாரத்திலிருந்து வந்தவருடைய முகம் மட்டுமன்று. மார்த்தினா ரோசெல்ஸ் பெற்ற பிள்ளையின் முகமும் அதுவே.